குன்றடியில் ஒரு பள்ளித் தோட்டம்



திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கீரனூரைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால், யானைகள் மந்தையாகப் படுத்திருப்பனபோன்ற மொட்டைப் பாறைக் குன்றுகள் கண்ணிற் படும். அவையே நார்த்தாமலைக் குன்றுகள். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை முதலாக ஒன்பது பெயர் சொல்வார்கள். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது சிதறி விழுந்த துண்டுகளே இவை என்பது ஊரார் நம்பிக்கை. மூலிகைகள் இங்கு மிகுதியாக இருப்பதற்கு அதனையே காரணமாகக் காட்டுவார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெருவணிகக் குழுவினர் இடைக்காலத்தில் இங்கே செல்வாக்குடன் வாழ்ந்தனர். நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை என்று மருவியது என்பர். மேலமலைமீது விசயாலய சோழீச்சரம் என்னும் கற்றளி மேற்கு நோக்கி நிற்கிறது. சாத்தன் பூதி என்பவன் எடுப்பித்த அக்கோயில் மழையால் இடிந்து அழிய, மல்லன் விடுமன் என்பவன் அதனைப் புதுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. இடிந்ததை எடுத்துக் கட்டுவது இவ்வூருக்குப் புதிய செயல் அன்று.

இவ்வளவு பெருமையும் பாறைக்கு உரியன, மண்ணுக்கு அல்ல. குன்றடி நிலம் பெரும்பாலும் செம்புறை மண். மழை பெய்தால் வழிந்தோடும். பெய்யாவிட்டால் ஓடுபோல் இறுகும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பி, குளங்களையும் கண்மாய்களையும் ஊருணிகளையும் வெட்டி வைத்துப் பிழைத்த நாடு இது. இத்தகைய நிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் பின்புறத்தில் காய்கறித் தோட்டம் போட முயன்ற கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். குன்றடி ஊர்களுள் ஒன்றில் ஆசிரியனாகப் பல ஆண்டுகள் இருந்து, இப்பொழுது ஓய்வு பெற்றவன் நான். மண்ணைப் பற்றியும் எருவைப் பற்றியும் வானொலியில் பேசுவதா என்று யாரும் எண்ணவேண்டா. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் இதே திருச்சி வானொலியின் வாயிலாகப் பரவி, உழவர் நாவில் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றதை மூத்த நேயர்கள் அறிவார்கள்.

பள்ளித் தோட்டம் என்பது புதிய எண்ணம் அன்று. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் எடுத்துரைத்தார். நூற்பும் தோட்ட வேலையும் அத்திட்டத்தில் இடம் பெற்றன. 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே டாக்டர் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம், அவ்வழியைத் தமிழ்நாட்டில் நடத்திக் காட்டியது. கடல் கடந்த நாடுகளிலும் இது நடந்ததே. முதல் உலகப் போரின்போது, 1917-ஆம் ஆண்டு, அமெரிக்க அரசு பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ‘பள்ளித் தோட்டப் படை’ ஒன்றையே அமைத்தது. படை என்று பெயர் வைத்தால்தான் காய் காய்க்கும் என்று நினைத்தார்கள் போலும்! போர் முடிந்ததும் படையும் கலைந்தது. நம் நாட்டிலோ 2019-இல் மத்திய அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம், பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விளைவதைப் பிள்ளைகளின் மதிய உணவிலேயே சேர்க்கவேண்டும் என்பது அதன் உட்கருத்து.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மதிய உணவு புதிதன்று. காமராசர் காலத்தில், 1956-இல் அது மாநிலத் திட்டமாயிற்று. 1982-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த பாப்பாக்குறிச்சி, நம் திருச்சிக்குப் பக்கத்து ஊர்தான். 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. சோறு உண்டு, சாம்பார் உண்டு, முட்டை உண்டு. பறித்த அன்றே அடுப்பேறும் கீரை மட்டும் எளிதில் கிடைப்பதில்லை. தோட்டத்தின் தேவை அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் முதல் தோட்டம் தோற்றுப் போயிற்று. அதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மை ஆகாது. 2011-ஆம் ஆண்டு ஆடி மாதம், வெளியூரிலிருந்து தொண்டு மனப்பான்மையுள்ள அன்பர்கள் சிலர் வண்டியில் நூறு கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரே முற்பகலில் குழி தோண்டி, நட்டு, நீரூற்றி, பிள்ளைகளோடு நின்று படமும் எடுத்துக்கொண்டு விடைபெற்றார்கள். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. வந்தவர்கள் வந்த வேலையைச் செய்தார்கள். நாளை யார் நீரூற்றுவது என்று கேட்க வேண்டியவன் நான். கேட்கவில்லை. பாதிக் கன்றுகளை ஆடு மேய்ந்தது. மீதியை மறுமே மாத விடுமுறை முடித்தது. சூன் மாதம் பள்ளி திறந்தபோது, நூறு குழிகளும் நூறு காய்ந்த குச்சிகளும் எங்களை வரவேற்றன. ஒரு சிறுமி ஒவ்வொரு குச்சியாக நகத்தால் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சென்றாள். ஏழு குச்சிகளில் பச்சை இருந்தது. அவ்வேழில் நான்கு வேம்பு.

அதற்கும் மேலான அடி ஒன்று காத்திருந்தது. இரண்டாம் முறை தொடங்கலாம் என்று பிள்ளைகளைக் கொண்டு மண்ணைக் கொத்தச் செய்துகொண்டிருந்த ஒரு நாள், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பாயி பள்ளிக்குள் வந்தார். கல் குவாரியில் உழைத்து உழைத்துக் கைகள் காய்த்துப் போனவர். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அரசுக் குவாரிகள் சில மகளிர் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. அப்படிப்பட்ட குழு ஒன்றில் இருந்தவர் அவர். அவர் என்னிடம் கோபமாகப் பேசவில்லை.

“ஏன் வாத்தியாரய்யா, எம் பேரன் எழுதுகோல் பிடிக்கத்தானே இங்கே அனுப்பி வைக்கிறோம்? மண்வெட்டி பிடிக்க நாங்களே வீட்டிலே கத்துக்குடுத்திருப்போமே” என்று மட்டும் கேட்டார்.

“இதுவும் படிப்புத்தான், ஆத்தா” என்றேன்.

“அப்படியா? உங்க பிள்ளையும் படிக்கிற பள்ளிக்கூடத்திலே மண்ணு வெட்டுதா?” என்றார்.

என் மகள் அப்பொழுது நகரத்துப் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே தோட்டத்தைத் தோட்டக்காரர் பார்த்துக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. பையனைக் கைகழுவச் சொல்லி வகுப்பிற்கு அனுப்பினேன்.

அக்கேள்வியைப் பலநாள் எண்ணிப் பார்த்தேன். தலைமுறை தலைமுறையாக வெயிலில் உழைத்தவர்கள், அவ்வுழைப்பிலிருந்து தம் பிள்ளைகளை மீட்கும் வாயிலாகப் பள்ளியைக் காண்கிறார்கள். அவ்வாயிலுக்குள்ளும் மண்வெட்டியே நின்றால் அவர்கள் நெஞ்சு பதைப்பது இயல்பு. உழைப்பின் உயர்வைப் பற்றி அவர்களுக்குச் சொற்பொழிவு செய்ய எனக்கு என்ன தகுதி? ஆதாரக் கல்வி பல ஊர்களில் பெற்றோர் மனத்தைக் கவராமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். ஆகவே சில கட்டுப்பாடுகளை எனக்கு நானே விதித்துக்கொண்டேன். கடப்பாரையும் மண்வெட்டியும் பிடிக்கும் கனத்த வேலையைப் பெரியவர்களே செய்வது. ஆசிரியர்களும் அதில் சேர்வது. பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை. தோட்ட வேலையை ஒருபோதும் தண்டனையாகக் கொடுப்பதில்லை. பெண் பிள்ளைகள் நீரூற்றவும் பையன்கள் பாத்தி கட்டவும் என்ற பிரிவினை இல்லை. இன்ன தெருப் பிள்ளைக்கு இன்ன வேலை என்பதற்கு இடமே இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, தோட்டத்தில் நடப்பதெல்லாம் ஒரு நோட்டில் பிள்ளைகள் கையாலேயே எழுதப்படுவது. விதைத்த நாள், முளைத்த நாள், ஊற்றிய குடங்கள், பறித்த எடை ஆகிய அனைத்தும் அதில் ஏறவேண்டும்.

அடுத்தது தொண்டர்கள். 1991-92 ஆண்டுகளில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நானும் ஒரு தொண்டனாக இருந்தேன். அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து பெரியவர்கள் எழுத்துக் கற்றதும், பெண்கள் கூட்டம் கூட்டமாக மிதிவண்டி ஓட்டக் கற்றதும் நாடறிந்த செய்தி. அவ்வியக்கம் எனக்குக் கற்பித்தது ஒன்று உண்டு: ஒரு நாள் வரும் நூறு பேரைவிட, நாள்தோறும் வரும் ஒருவர் மேல். இரண்டாம் முறை நான் வெளியூர் அன்பர்களை நாடவில்லை. பள்ளிக்கு எதிர்வீட்டார், தேநீர்க் கடைக்காரர், சத்துணவுக்கூட ஆயா, ஓய்வு பெற்ற தபால்காரர், கல்லூரி விடுமுறைக்கு வந்த இரண்டு இளைஞர்கள் என்று எட்டுப் பேரைச் சேர்த்தேன். ஒருவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேல் வேலை கொடுப்பதில்லை என்று உறுதி சொன்னேன். அதிகமாகக் கேட்டிருந்தால் எட்டுப் பேரும் இரண்டாம் வாரமே மறைந்திருப்பார்கள்.

இனி மண்ணுக்கு வருகிறேன். செம்புறை மண்ணில் குறைவது மட்கு. மட்கு இருந்தால்தான் மண் நீரைப் பிடித்து வைக்கும். அதற்கு எங்கே போவது? நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பூச்சொரிதல் அன்று ஊர் ஊராகப் பூத்தட்டுகள் வந்து குவியும். பிறகு பால்குடம், காவடி, கரும்புத் தொட்டில், தேரோட்டம் என்று கூட்டம் பொங்கும். திருவிழா முடிந்தபின் பூவும் வாழைமட்டையும் கரும்புத் தோகையும் இலையும் மலையாக மிஞ்சும். அவற்றைக் கேட்டு வாங்கி, இரண்டு மாட்டுவண்டி அளவு பள்ளிக்குக் கொண்டுவந்தோம். அம்மன்மீது சொரிந்த பூ கால்படும் இடத்தில் கிடப்பதைவிடச் செடிக்கு உரமாவது நல்லதே என்று முதியவர்களும் இசைந்தார்கள். மாலைகளிலிருந்து நூலையும் சரிகையையும் நெகிழிப் பைகளையும் பிரித்தெடுப்பது பிள்ளைகள் வேலை. வாழைநாரில் கட்டிய மாலை அப்படியே மட்கும். நைலான் நூலில் கட்டியது மட்காது. இரண்டையும் தனித்தனிக் குழியில் இட்டு மூன்று மாதம் கழித்துத் தோண்டிக் காட்டினேன். அன்று முதல் என் விளக்கம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

எரு மட்குவதில் ஒரு கணக்கு உண்டு. உலர்ந்த சருகில் கரிச்சத்து மிகுதி. பச்சைத் தழையிலும் பூவிலும் சாணத்திலும் தழைச்சத்து மிகுதி. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து ஏறத்தாழ 30 பங்கு என்ற அளவில் இருந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக உழைக்கும். வீட்டுக் கணக்கில் சொன்னால், மூன்று கூடைச் சருகுக்கு ஒரு கூடைப் பச்சை. பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வடியும் ஈரம் போதும். குவியல் நன்றாக வேலை செய்தால் உள்ளே 55 முதல் 65 பாகை செல்சியசு வரை சூடேறும். ஓர் இரும்புக் கம்பியைச் சொருகி வைத்து, எடுத்துத் தொட்டுப் பார்த்துப் பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். வெறும் பூவை மட்டும் குவித்தால் அழுகி நாறும். எங்கள் முதல் குவியல் நாறியது. பக்கத்து வகுப்பின் சன்னல்களைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. இம்மாவட்டத்தில் எங்கும் நிற்கும் தைலமரத்தின் சருகைச் சேர்ப்போர் பொறுமையோடு இருக்கவேண்டும். அதன் எண்ணெய்ப் பசை காரணமாக மட்க நெடுநாள் ஆகும். பாதி மட்கியதை நாற்றங்காலில் இட்டால் முளைப்பும் குன்றும்.

பயன்பட்டுக் கழிந்த பொருள்களைத் தோட்டத்திற்குப் பயன்படுத்துவது இக்காலத்தில் ஒரு நாகரிகமாகிவிட்டது. நல்லதுதான். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாகாது. சத்துணவுக்கூடத்தில் மிஞ்சும் எண்ணெய்த் தகரங்கள் மிக ஏற்றவை. அடியில் ஆணியால் ஆறேழு துளையிட்டு, உடைந்த ஓட்டுச் சில்லைப் பரப்பி, மண்ணும் மட்கும் கலந்து நிரப்பினால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போதும். வெயிலில் தகரம் கொதித்து வேரைச் சுடுமாதலால், வெளிப்புறம் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். நாற்று வளர்க்கக் கொட்டாங்கச்சியைப்போல் ஒன்று இல்லை. அதன் கண்ணே நீர் வடியும் துளை. முட்டை ஓட்டைப் பொடித்து மண்ணில் இடலாம். அது சுண்ணாம்புச் சத்துத் தரும், மெல்லத் தரும், சிலர் சொல்வதுபோல் அற்புதம் ஒன்றும் நிகழ்த்தாது.

வண்ணப்பூச்சு டப்பாக்களைத் தொடவேண்டா. பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கும். பூச்சிமருந்துப் புட்டியைக் கழுவியும் பயன்படுத்தலாகாது. கல்நார்த் தகட்டை உடைப்பதும் அறுப்பதும் நுரையீரலுக்குக் கேடு. கண்ணாடிப் புட்டிகளைத் தலைகீழாக நட்டுப் பாத்திக்கு வரம்பு கட்டுவது பார்வைக்கு அழகு. வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் உள்ள இடத்தில் அது ஆபத்து. வண்டிச் சக்கர ரப்பரில் பூச்செடி வைப்போம், கீரை விதைப்பதில்லை. சிமெண்டுச் சாக்கு விஷயத்தில் நானே ஏமாந்தேன். முப்பது சாக்குகளில் மண் நிரப்பி வெண்டை போட்டோம். நன்றாகவே காய்த்தது. ஓராண்டு வெயிலில் அச்சாக்குகள் நைந்து, தொட்டால் நூல்நூலாக உதிர்ந்து மண்ணோடு கலந்தன. குப்பையைக் குறைக்கப் புறப்பட்டவன், பொறுக்கவே இயலாத சிறு குப்பையாக அதை மாற்றிவிட்டேன். பிள்ளைகளும் நானும் சல்லடை வைத்துச் சலித்தும் முழுதும் நீக்க முடியவில்லை. 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தடை வந்தபோது, அதன் தேவையை எங்கள் பள்ளிக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றிற்கும் தலையானது நீர். மேலமலைப் பாறைக் குழிவுகளில் சுனைகள் உண்டு. மழைநீர் ஆவியாகிப் போகாமல் ஆழக் குழிவில் தேங்கிக் கோடையிலும் நிற்கும். எங்களுக்குச் சுனை இல்லை, பானை இருந்தது. சுட்ட மண்பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேரை அடையும். மண் உலர்ந்திருந்தால் அது நீரை இழுக்கும். நனைந்திருந்தால் இழுப்புக் குறையும். செடி கேட்கும் அளவே நீர் செல்கிறது. சீன நாட்டில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே இம்முறையை எழுதி வைத்திருக்கிறார்கள். மெருகிட்ட பானையோ வண்ணம் பூசிய பானையோ உதவாது. பொங்கலுக்குப் பின் வீடுகளில் ஒதுக்கும் பழம்பானைகள், வாய் உடைந்தவை, விளிம்பு சிதைந்தவை ஆகியவற்றையே சேகரித்தோம். பன்னிரண்டு பானைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ எட்டு லிட்டர். ஆக 96 லிட்டர் நீர் நான்கு நாள் தாங்கியது. முன்பு நாள்தோறும் இருபது குடம் ஊற்றியும் வாடிய பாத்தி அது. கொசு முட்டையிடாதிருக்க ஒவ்வொரு பானைக்கும் இறுக்கமான மூடி வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

கை கழுவும் நீரையும் வீணாக்கவில்லை. பிள்ளைகள் அறுபது பேர் தட்டும் கையும் கழுவும் நீர், ஒருவருக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலும் நாளுக்கு 120 லிட்டர். அதனைச் சரளைக் கல் நிரப்பிய சிறு குழி வழியே வாழைக்கும் பப்பாளிக்கும் திருப்பினோம். கீரைக்கு அந்நீரை விடுவதில்லை. கூரை மழைநீரைப் பற்றி நான்காம் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர்க் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் எவ்வளவு? ஆயிரம் லிட்டர் என்று ஒருவன் சொன்னதும், மற்றவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள்.

வேலிக்கு முதலில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டோம். ஆட்டைவிடப் பிள்ளைகளையே அது மிகுதியாகக் குத்தியது. பிறகு கிளுவைக் கம்புகளை ஊன்றி, இடையே நொச்சியும் ஆடாதொடையும் நட்டோம். ஆடு தொடாத செடிக்கு ஆடாதொடை என்று பெயரிட்டவர் எவரோ, அவர் எங்களைப் போலவே ஆட்டால் துன்புற்றவராக இருக்கவேண்டும். குன்றிலிருந்து மூலிகைச் செடிகளைப் பிடுங்கி வரலாமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. காப்புக்காட்டில் கைவைக்கலாகாது என்று தடுத்து, வீட்டுக் கொல்லைகளில் உள்ளவற்றையே கொண்டுவரச் சொன்னேன். மயில் மட்டும் எந்த வேலிக்கும் அடங்கவில்லை. அருகிலுள்ள விராலிமலையில் மயிலை முருகன் ஊர்தியாகக் காண்போர், எங்கள் தக்காளிப் பாத்தியில் அதைக் கண்டால் என்ன சொல்வார்களோ! தக்காளியைக் கைவிட்டுப் பீர்க்கும் சுரையும் பந்தலேற்றினோம்.

பயிரைப் பள்ளி நாட்காட்டியோடு பொருத்துவதில்தான் வெற்றி இருக்கிறது. சூன் மாதம் பள்ளி திறந்ததும் மண்ணைப் பண்படுத்தி, ஆடிப் பட்டத்தில் விதைத்தால், அரைக்கீரையும் சிறுகீரையும் ஒரு மாத அளவில் பறிப்புக்கு வரும். வெண்டை நாற்பத்தைந்து நாள் அளவில் காய்க்கும். கத்தரி நாற்று நட்ட இரண்டு மாதத்தில் தொடங்கி அரையாண்டுத் தேர்வு வரை கொடுக்கும். ஆண்டு முழுவதும் கைகொடுப்பவை முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, பப்பாளி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 முருங்கை விதையிலிருந்தே வளர்ந்து ஓராண்டுக்குள் காய்ப்பது. கோடை விடுமுறையைத் தாங்கமாட்டாத எதையும் பங்குனிக்குமேல் நட்டு வைக்கலாகாது என்பதை நூறு குச்சிகள் எனக்குக் கற்பித்திருந்தன. கீரனூருக்கு அருகே ஒடுகம்பட்டியில் உள்ள கொழுஞ்சிப் பண்ணையை ஒருமுறை சென்று பார்ப்பவர்களுக்கு, இவ்வறண்ட மண்ணையும் சோலையாக்கலாம் என்ற துணிவு வரும். 2013 டிசம்பரில் மறைந்த நம்மாழ்வார் ஈடுபட்டு உழைத்த இடம் அது.

விளைச்சலைப் பெரிதுபடுத்திச் சொல்லமாட்டேன். அறுபது பிள்ளைகளின் காய்கறித் தேவை முழுவதையும் அந்தச் சிறு நிலம் ஒருநாளும் கொடுத்ததில்லை. வாரத்தில் இரண்டு நாள் கீரை, ஒரு நாள் காய், அவ்வளவே. ஆனால் கீரையைக் கண்டால் ஒதுக்கி வைக்கும் பிள்ளை, தான் நீரூற்றிய பாத்தியின் கீரை என்றால் தட்டை நீட்டிக் கேட்டது. சத்துணவு ஆயா அதை முதலிற் கண்டு என்னிடம் சொன்னார். அன்று கழுவிய தட்டுகளில் எச்சில் குறைந்திருந்தது என்பதே அவர் வைத்த சான்று.

2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜாப் புயல் மாவட்டத்தைச் சூறையாடியது. கிழக்கு வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் எங்கள் இழப்பு மிகச் சிறிது. எனினும் எங்கள் ஐந்து முருங்கையும் வேரோடு சாய்ந்தன. பிள்ளைகள் அழுதார்கள். மறுநாள் அந்த அப்பாயி வந்தார். விழுந்த கிளைகளை விறகுக்கு அள்ளவிடாமல், மூன்றடி நீளம் வெட்டி, நுனியில் சாணியுருண்டை வைத்து ஊன்றச் சொன்னார். ஐந்து மரத்திலிருந்து நாற்பது போத்து. தைமாதம் அவற்றுள் முப்பத்தொன்று தளிர்த்தன. நாங்கள் ஐந்தை வைத்துக்கொண்டோம். மற்றவை வீடுகளுக்குச் சென்றன.

அவர் எங்களிடம் மீண்டும் வந்ததே அந்த நோட்டால்தான். பேரன் மாலையில் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று உரக்கப் படித்துக் காட்டுவானாம்: கீரை ஆறு கட்டு, வெண்டை இரண்டே முக்கால் கிலோ, நீர் பதினான்கு குடம். குவாரியில் லோடுக் கணக்கைக் காதால் கேட்டே பிழை கண்டுபிடித்துப் பழகியவர் அவர். ஒரு நாள் பள்ளிக்கு வந்து, வெள்ளிக்கிழமைக் கூட்டலில் அரைக் கிலோ குறைகிறது என்றார். எடுத்துப் பார்த்தோம், குறைந்திருந்தது. “பாருங்க வாத்தியாரய்யா, கணக்கைச் சரியாக் கத்துக்குடுங்க” என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் அவரைக் கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டுச் சென்றார்.

அவ்வாண்டு மே மாதம் விடுமுறைக்குப் பள்ளி வாயிற் சாவியை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, எதிர்வரிசையில் குடியிருந்த அவரே கை நீட்டினார். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. 2013 மே மாதப் பக்கத்தின் தலைப்பில் ‘சாவி பெற்றுக்கொண்டவர்’ என்று பேரன் எழுதியிருக்கிறான். அதற்கு நேரே, அறிவொளி விளக்கடியில் கற்ற எழுத்துகளில், ஒவ்வொன்றும் ஒரு கல்லைப்போல் தனித்தனியாக, அவருடைய கையெழுத்து. அதன்கீழ் முப்பத்தொரு நாளுக்கும் குடக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.